எட்டுக்கால் பூச்சியும் பத்தாம் எண் கூண்டும்

சிலந்தியைக் கண்டால் அஞ்சுகிறேன் என்று சொல்லப் பெரியவர்கள் பலர் நாணுகிறார்கள். சர்க்கரை நோய்க்கோ மூட்டு வலிக்கோ மருத்துவரைக் காண வந்தவர், எழுந்து புறப்படும் வேளையில், குரலைத் தாழ்த்திச் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வார். குளியலறைக்குள் நுழையுமுன் கதவின் பின்புறத்தைப் பாராமல் அவரால் இருக்க இயலாது. பரணிலுள்ள பாத்திரத்தை எடுக்க இன்னொருவரை அழைப்பார். ஒட்டடை அடிக்கும் நாளில் வீட்டிலேயே இருக்க மாட்டார். சுவரில் ஒன்றைப் பார்த்துவிட்டால் அன்றிரவு உறக்கம் வராது. வீட்டாரோ, "இத்துனூண்டு பூச்சிக்கா இந்தப் பயம்?" என்று நகைப்பார்கள்.

அவருக்காகவும், அவரைப் பார்த்து நகைப்பவர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம். அச்சம் என்பது உடல் நமக்கு வைத்திருக்கும் காவல். அந்தக் காவலை நீக்குவது மருத்துவத்தின் நோக்கமன்று. அளவு மீறி ஒலிக்கும்போது அதை உரிய அளவுக்குக் கொண்டுவருவதே நோக்கம். அது இயலக்கூடியது என்பதே நாங்கள் சொல்ல வந்த செய்தி.

துறைமுகத்தில் ஏறும் கூண்டு

புதுச்சேரி மக்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வங்கக் கடலில் தொலைவில் காற்றழுத்தம் தாழ்ந்தால் துறைமுகத்தில் முதலாம் எண் கூண்டு ஏறும். புயல் நெருங்க நெருங்க எண் உயரும். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பெரும் அபாயத்தைக் குறிக்கும். பதினொன்று என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அற்றுப்போயிற்று என்று பொருள். 2011 டிசம்பரில் வந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய ஃபெஞ்சல் புயலையும் கண்ட இவ்வூரில், கூண்டு ஏறியதற்காக எவரும் துறைமுகத்தின்மீது சினம் கொள்வதில்லை. படகுகளைக் கரையேற்றிவிட்டு, மெழுகுவத்தியும் பாலும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

அச்சமும் இத்தகைய கூண்டுதான். மூளையின் இரு பக்கங்களிலும், நெற்றிப் பொட்டுக்கு உட்புறமாக ஆழத்தில், வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. கண் கண்டதை அறிவு முழுமையாக ஆராய்ந்து முடிக்குமுன்பே அது எச்சரிக்கையை ஏற்றிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ஓடுவதற்கேற்பக் கால் தசைகளுக்குக் குருதி பாய்கிறது. இவை யாவும் சில நொடிகளுக்குள் நிகழ்ந்துவிடும். "சும்மா இரு, ஒன்றும் செய்யாது" என்று பிறர் சொல்லும் சொல் காதில் விழும்போது கூண்டு ஏற்கெனவே ஏறியிருக்கும். அதனால்தான் அறிவுரை மட்டும் அச்சத்தைத் தணிப்பதில்லை.

இந்தக் கூண்டே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க மருத்துவ இலக்கியத்தில் எஸ்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்மணிக்கு, அரிய மரபணு நோய் ஒன்றினால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோயின. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரைப் பாம்புகளும் பெருஞ்சிலந்திகளும் விற்கும் கடைக்கு அழைத்துச் சென்றனர். தமக்கு அவை பிடிக்காது என்று முன்பே சொல்லியிருந்த அவர், அங்கே பாம்பைக் கையில் எடுத்து ஆர்வத்துடன் தடவினார். பெருஞ்சிலந்தியையும் தொட முற்பட்டபோது, அது கடித்துவிடும் என்று பிறர் தடுக்க வேண்டியதாயிற்று. கேட்பதற்கு இது துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய வாழ்வில் கத்தி முனையிலும் துப்பாக்கி முனையிலும் அவர் மிரட்டப்பட்ட நிகழ்வுகள் உண்டு. பிறர் விலகிச் செல்லும் இடத்திலிருந்து விலகத் தெரியாமற்போனதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அச்சமின்மை அவருக்கு வரமாக அமையவில்லை.

அஞ்சத்தக்கவற்றுக்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் சொல்லியிருக்கிறார். அதை அவர் வீரத்தைப் பற்றிய அதிகாரத்தில் வைக்கவில்லை. அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார். எதற்கு அஞ்சுவது, எவ்வளவு அஞ்சுவது என்பது அறிவின் பணி என்று அவர் கருதியதாக நாங்கள் கொள்கிறோம்.

ஏன் சிலந்தி?

மனிதரைப் பெருமளவில் கொல்லும் உயிரினங்களுள் சிலந்தி இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. சிலந்திக்கு அப்படியொரு கணக்கு எழுத வேண்டிய தேவையே எழவில்லை. இருந்தும் அச்சத்தில் சிலந்தி பாம்புக்கு அருகிலேயே நிற்கிறது.

இதற்கு வேர் ஆழமானது. 2001இல் வெளியான ஆய்வொன்றில், பூக்கள், காளான்கள் ஆகியவற்றின் படங்களுக்கு நடுவே மறைந்திருந்த சிலந்தியையும் பாம்பையும் மக்கள் மற்றவற்றைவிட விரைவாகக் கண்டுபிடித்தனர். 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூவின் படத்தையும் சிலந்தியின் படத்தையும் காட்டினார்கள். சிலந்தியைப் பார்த்தபோது கண்ணின் பாவை கூடுதலாக விரிந்தது. ஆறு மாதக் குழந்தைக்கு எவரும் சிலந்திக் கதை சொல்லியிருக்க முடியாது. அக்குழந்தை அஞ்சியது என்று இதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் உடல் விழித்துக்கொண்டது. சிலந்தியும் தேளும் எட்டுக் கால்கள் கொண்ட ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. தேளுக்கு அஞ்சிப் பழகிய முன்னோரின் எச்சரிக்கையே சிலந்தியின் மீதும் படிந்தது என்று கருதும் ஆய்வாளர்களும் உளர்.

திருவானைக்காவின் தலபுராணத்தை இங்கே நினைக்கலாம். இலிங்கத்தின்மீது சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது. அதை அழுக்கென்று எண்ணி யானை அழித்தது. பகை முற்றி, சிலந்தி யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அச்சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற இயலாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது கதை. ஒரு காலத்து ஆபத்து, அது நீங்கிய பின்னும் வீட்டின் படிக்கட்டு வரை வடிவமைக்கிறது. சிலந்திக்கு அஞ்சுபவரின் வீட்டிலும் நிகழ்வது அதுவே.

அச்சத்துடன் அருவருப்பும் கலந்திருப்பது இதன் மற்றோர் இயல்பு. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனியே வைத்தது. சிலந்தியைக் காண்பவரிடம் அவ்விரண்டும் சேர்ந்தே எழுகின்றன. "கடிக்குமென்று பயமில்லை, ஆனால் அது மேலே ஊர்ந்தால் தாங்க முடியாது" என்று பலர் சொல்வதன் பொருள் இதுதான்.

நம் வீட்டுச் சிலந்திகள்

உலகில் இதுவரை 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் அறிவியலாளர்களால் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றிடம் நஞ்சு உண்டு. ஆனால் அந்நஞ்சு ஈக்கும் கொசுவுக்கும் போதுமானது. மனிதருக்குக் கேடு விளைவிக்கக்கூடியவை மிகச் சிலவே. உலகின் சிலந்திகள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரையைத் தின்கின்றன என்று 2017இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. அவ்விரையில் பெரும்பகுதி பூச்சிகள்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில், உயர்ந்த கூரையும் மரச் சட்டங்களும் உள்ள இடங்களில், கையளவு அகலமான, தட்டையான பழுப்புச் சிலந்தியைக் காணலாம். அது வலை பின்னாது. இரவில் கரப்பான்பூச்சியை வேட்டையாடும். வயிற்றடியில் வெண்ணிற வட்டத் தட்டு போல ஒன்றைச் சுமந்திருந்தால் அது முட்டைப் பை. மூலைகளில் மெல்லிய நீண்ட கால்களுடன் தொங்கி, தொட்டால் வலையோடு அதிர்வது ஒட்டடைச் சிலந்தி. சன்னல் ஓரத்தில் தத்தித் தாவி, நம்மைத் திரும்பிப் பார்ப்பது போல் நிற்பது குதிக்கும் சிலந்தி. இம்மூன்றும் மனிதரைக் கண்டால் விலகி ஓடுபவை. பெயரும் பழக்கமும் தெரிந்துவிட்டால் அஞ்சப்படும் பொருளின் அளவு சற்றுக் குறைகிறது.

அறியாமையோடு கூடிய அச்சம் சிலந்தியைவிடக் கேடு செய்யும். 2012இல் அசாம் மாநிலத்தின் சதியா பகுதியில் சிலந்திகள் கூட்டமாக வந்து கடிப்பதாகப் பெரும் பீதி எழுந்தது. இருவர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. கடிபட்ட இடத்தைச் சவரக் கத்தியால் கீறிக் குருதியை வெளியேற்றும் முறையை உள்ளூரில் சிலர் கையாண்டிருந்தனர். இறந்தோரின் உடல்கள் பிரேதப் பரிசோதனையின்றித் தகனம் செய்யப்பட்டுவிட்டதால், சிலந்திதான் காரணம் என்று நிறுவ முடியாமலே போயிற்று.

"சிலந்தியாக இருக்கும்" என்று சொல்லும் முன்

சிலந்தியின்மீது பழி போடுவதால் உண்மையான நோய் மறைந்துவிடும் சூழல்கள் உண்டு. இவற்றைக் குடும்பத்தார் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இரவில் உறக்கத்தில் ஏற்படும் கடி. கட்டுவிரியன் பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ இல்லாமலிருக்கலாம். பல் தடமும் தெரியாமற்போகலாம். "ஏதோ எட்டுக்கால் பூச்சி" என்று மீண்டும் உறங்கிவிடுவது உயிருக்கு ஆபத்து. வயிற்று வலி, இமை சரிதல், விழுங்க இயலாமை, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

இரண்டாவது, தேள். சிவந்த சிறு தேள் கொட்டினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மிகுந்த வியர்வை, வாந்தி, கை கால் சில்லிடுதல், மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்பட்டு இதயம் பாதிக்கப்படலாம். மகாராஷ்டிரத்தின் மகாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிராசோசின் மாத்திரையால் இத்தகைய உயிரிழப்புகளைக் குறைக்க முடியும் என்று காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சிகிச்சை உண்டு, காலம் தாழ்த்தாமல் வருவதே தேவை.

மூன்றாவது, தோலில் எழும் கொப்புளங்கள். "சிலந்தி சிறுநீர் பட்டுவிட்டது" என்று சொல்லப்படும் புண்கள் பல வேறு காரணங்களால் வருபவை. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, எரிச்சலுடன் கொப்புளம் எழுந்தால் அது அக்கியாக இருக்கலாம். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸே அதற்கும் காரணம். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பயன் மிகுதி. கண்ணருகே வந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். மழைக்காலத்தில் விளக்கொளியை நாடி வரும் ஒரு சிறு வண்டைத் தோலின்மீது நசுக்கினாலும் கோடு கோடாகத் தோல் வெந்துபோகும். அதை நசுக்காமல் ஊதித் தள்ளி, அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவுங்கள்.

எது கடித்திருந்தாலும் கீறுவது, உறிஞ்சுவது, சுடுவது, இறுகக் கட்டுவது ஆகியவை வேண்டா. மழை வெள்ளத்துக்குப் பின் செருப்பை உதறி அணிதல், இரவில் கைவிளக்குடன் நடத்தல், கட்டிலில் கொசுவலை கட்டி உறங்குதல் ஆகியவை போதும். இவை அச்சம் சொல்லித்தரும் நற்பழக்கங்கள். முதலாம் எண் கூண்டு முதலாம் எண்ணாகவே பணி செய்யும்போது வாழ்க்கை இப்படித்தான் இருக்கும்.

கூண்டு இறங்காதபோது

தூறலுக்கும் பத்தாம் எண் கூண்டு ஏறுமானால் மீனவர் கடலுக்குப் போக முடியாது. அளவு மீறிய அச்சமும் அப்படித்தான். ஆறு மாதங்களுக்கும் மேலாக, ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாத அச்சம் நீடித்து, ஒருவரின் வேலை, உறக்கம், உறவு ஆகியவற்றைக் குலைக்குமானால் அதை மருத்துவம் ஓர் அச்சக் கோளாறாகக் கருதுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் 22 நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளில், இத்தகைய குறிப்பிட்ட பொருள் அச்சம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் 7.4 சதவீதத்தினருக்கு இருந்தது தெரியவந்தது. ஆகவே இது எவரும் நாணத்தக்கதன்று.

இந்த அச்சத்தை வளர்ப்பது விலகி ஓடுதல். ஓடியவுடன் நிம்மதி கிடைக்கிறது. அந்நிம்மதியே "ஓடியதால் பிழைத்தாய்" என்று மூளைக்குக் கற்பிக்கிறது. மறுமுறை கூண்டு இன்னும் எளிதில் ஏறுகிறது. எனவே சிகிச்சை எதிர்த்திசையில் செல்கிறது. அஞ்சும் பொருளை, தாங்கக்கூடிய சிறு படிகளாக, விருப்பத்துடன் எதிர்கொள்ள வைப்பதே அதன் அடிப்படை. 1924இல் அமெரிக்க உளவியலர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்; முடிவில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். 1989இல் சுவீடனின் லார்ஸ் யோரான் ஓஸ்ட், மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் இத்தகைய அச்சங்களைப் பெரிதும் தணிக்கலாம் என்று காட்டினார். இதற்கு மாத்திரை முதன்மைச் சிகிச்சையன்று.

படிகள் இவ்வாறு அமையும்: சிலந்தி என்ற சொல்லைப் பேசுதல், கோட்டோவியத்தைப் பார்த்தல், புகைப்படத்தைப் பார்த்தல், அசையும் காணொளி, அறையின் மறுகோடியில் மூடிய கண்ணாடிக் குவளைக்குள் உள்ள சிலந்தி, பின்னர் ஒவ்வோர் அடியாக நெருங்குதல். ஒவ்வொரு படியிலும் அச்சம் ஏறும். ஓடாமல் நின்றால் மெல்லத் தணியும். தணிந்த பின்பே அடுத்த படி. அமர்வை நடத்துபவர் பயிற்சி பெற்ற உளவியலராக இருப்பது நல்லது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில் தங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

பழைய அச்சம் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. அதன் அருகில் புதிய அறிவு ஒன்று வந்து அமர்கிறது. எனவே சில மாதங்கள் கழித்து அச்சம் மீண்டும் தலைகாட்டினால் சிகிச்சை தோற்றதாக எண்ண வேண்டா. இரண்டு படி இறங்கி, மீண்டும் ஏறலாம்.

உடனிருப்போருக்கு

அஞ்சுபவரின் மேல் பொம்மைச் சிலந்தியை எறிந்து "தைரியம்" ஊட்ட முயலாதீர்கள். அது அச்சத்தை உறுதிப்படுத்துவதோடு உங்கள்மேல் உள்ள நம்பிக்கையையும் குறைக்கும். அவருக்காக எப்போதும் நீங்களே அறையைச் சோதித்துக் கொடுப்பதும் உதவியன்று. நாளடைவில் அது அவருடைய உலகைச் சுருக்கும். "பயமாக இருக்கிறது என்பது தெரிகிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன், நீங்களே கதவைத் திறங்கள்" என்ற சொல் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வழி. குழந்தைகள் சிலந்தியைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பதையும் மறவாதீர்கள். சிலந்தி, நாய் போன்ற உயிரினங்கள் மீதான அச்சம் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது.

மருத்துவமனைக்குள் எழும் அச்சங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அறுவை சிகிச்சைக்கு முன் அஞ்சுபவர் கேள்வி கேட்கிறார், உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறார். அது பயனுள்ள அச்சம். அதே அச்சம் அவரைப் பரிசோதனைக்கே வரவிடாமல் தடுத்தால் எண் கூடிப்போயிற்று என்று பொருள். ஊசிக்கும் இரத்தத்துக்கும் அஞ்சுவோர் ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். சிலந்தியைக் கண்டு மயங்கி விழுபவர் அரிது. இதயம் விரைந்து குருதி அழுத்தம் உயர்வதே அங்கு வழக்கம். ஊசி அச்சத்திலோ அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆகையால் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிப் படுத்த நிலையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு எவரும் நகைக்க மாட்டார்கள்.

அச்சம் எழும்போது, "ஏன் அஞ்சுகிறேன்?" என்று உங்களையே கடிந்துகொள்ள வேண்டா. "எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது? வெளியே உள்ள காற்று எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டும் பொருந்தினால் அச்சம் சொல்வதைச் செய்யுங்கள். நெடுநாளாகப் பொருந்தாவிட்டால் எங்கள் மனநலப் பிரிவில் அதைச் சொல்லுங்கள். நேரில் வரத் தயங்குவோர் மத்திய அரசின் டெலி மனஸ் இலவச உதவி எண்ணான 14416ஐ எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.